ஜான்சிங் நடந்த மண்ணில் ஏழு நாள்

நாள் 1. ஜனவரி 18, சனி. நாங்குநேரி, கூந்தன்குளம்

காலை ஆறரைக்கெல்லாம் நாங்குநேரி வந்துவிட்டோம். வேனை ஓரமாக நிறுத்திவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோது, எங்கள் எம்.எஸ்ஸி. விலங்கியல் பிள்ளைகள் ஒன்பது பேரிடமும் ஒரு கேள்வி கேட்டேன். "இந்த ஊரில் பிறந்த விலங்கியல் பேராசிரியர் ஒருவரைத் தெரியுமா?" ஒருத்திதான் கையைத் தூக்கினாள். அவளும் நேற்று இரவு வாட்ஸப்பில் நான் அனுப்பிய பயணத் திட்டத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டாளாம். மற்ற எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினோரு வருடமாகக் கல்லூரியில் சூழலியல் நடத்துகிறேன். ஒரு வகுப்பிலாவது ஏ.ஜே.டி. ஜான்சிங் என்ற பெயரை நான் சொன்னதில்லை.

1945-ல் நாங்குநேரியில் பிறந்தவர். சிவகாசி அய்யநாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தவர். அங்கிருந்து பந்திப்பூர் காட்டுக்குப் போய் 1976 முதல் 1978 வரை செந்நாய்களின் பின்னால் நடந்தார். காட்டில் தன்போக்கில் திரியும் பெரிய பாலூட்டி ஒன்றைக் களத்திலேயே இருந்து ஆராய்ந்த முதல் இந்திய விஞ்ஞானி என்று துறையில் அவரைத்தான் சொல்வார்கள். அப்புறம் அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் ஆய்வு நிறுவனம், திரும்பி வந்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் யானைத் திட்டம். 1985 முதல் 2005 வரை டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் ஆசிரியர். இன்று நாட்டில் வன உயிர் ஆராய்ச்சியில் பெயர் சொல்லும் பலர் அவரிடம் படித்தவர்கள், அவரோடு காட்டில் நடந்தவர்கள்.

நான் அவரை நேரில் பார்த்ததில்லை. பார்க்க முயற்சி செய்ததும் இல்லை. 2024 ஜூன் 7 அன்று அவர் பெங்களூரில் காலமான செய்தியைப் படித்தபோதுதான், நாங்குநேரியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உட்கார்ந்துகொண்டு பவர்பாயிண்டில் புலி காட்டிக்கொண்டிருக்கிறேனே என்று மனதில் சுருக்கென்றது. அன்றைக்கு எடுத்த முடிவுதான் இந்தப் பயணம். அவர் பிறந்த ஊரில் தொடங்கி அவர் செந்நாய் பார்த்த காட்டில் முடிக்க வேண்டும். ஏழு நாள். அனுமதிக் கடிதங்கள் வாங்கவே ஐந்து மாதம் ஆனது.

டீ குடித்த கையோடு ஆளுக்கொரு குறிப்பேடும் பென்சிலும் கொடுத்தேன். பேனா கூடாது, நனைந்தால் மை கரைந்துவிடும். நேரம், இடம், என்ன, எத்தனை, பார்த்தவர் யார். பார்த்த இடத்திலேயே எழுத வேண்டும். சாயங்காலம் அறைக்கு வந்து நினைவிலிருந்து எழுதினால் அது குறிப்பு அல்ல, கதை.

அங்கிருந்து கூந்தன்குளம் அதிக தூரமில்லை. 1994-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர், ஆனால் பறவைகள் அதற்கு ரொம்ப காலத்துக்கு முன்பே வந்துவிட்டன. குளத்தில் மட்டுமல்ல, தெருவில் வீட்டு வாசலில் நிற்கும் வேம்பிலும் புளியிலும்கூட மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டியிருக்கிறது. கீழே வெள்ளைச் சுண்ணாம்பு தெளித்த மாதிரி எச்சம். அதற்கடியிலேயே ஒரு பாட்டி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். "நாத்தம் அடிக்கலையா ஆச்சி?" என்று எங்கள் பையன் ஒருவன் கேட்டான். "பிள்ளப்பேறுக்கு வந்த மகள நாத்தம்னு யாராவது சொல்லுவாளாய்யா?" என்றார், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல். எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்குப் போனால் உரம் வாங்கும் செலவு குறையும் என்பதையும் அவரே சொன்னார். என் பாடத்தில் இது 'ஊட்டச்சத்துச் சுழற்சி' என்று ஒரு பக்கம் வரும்.

ஒரே மரத்தைக் காட்டி அதில் எத்தனை கூடு என்று எண்ணச் சொன்னேன். ஒன்பது பேரும் ஒன்பது விடை சொன்னார்கள். குறைந்தது 31, அதிகம் 58. பெரிய கிளையாகப் பார்த்து மரத்தை நான்கு பாகமாகப் பிரித்து, ஒரு பாகத்துக்கு இரண்டு பேர் வீதம் தனித்தனியாக எண்ண வைத்தேன். மீதியிருந்த ஒருவன் எழுதினான். இரண்டாம் முறை 44-க்கும் 47-க்கும் நடுவில் வந்து நின்றது. இதற்கே ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. குளத்தில் இறங்கியிருந்த வரித்தலை வாத்துகளைப் பார்க்க நேரம் போதவில்லை. பரவாயில்லை.

நாள் 2. ஜனவரி 19, ஞாயிறு. களக்காடு

தலையணை என்ற தடுப்பணையில் குளிக்க வந்த கூட்டத்தைத் தாண்டி, வனத்துறை ஜீப்பில் செங்கல்தேரி ஏறினோம். கீழே முள்ளும் புதரும், நடுவில் இலையுதிர் காடு, மேலே போகப் போக வெளிச்சம் குறைந்து மழைக்காடு. வகுப்பில் இந்த மூன்றையும் மூன்று படத்தில் காட்டுவேன். இங்கே ஒரே பாதையில், ஸ்வெட்டர் எடுத்துப் போட்டுக்கொள்ளும் நேரத்துக்குள் மாறிவிடுகிறது.

களக்காடு 1976-ல் சோலைமந்திக்காகவே சரணாலயமானது. சிங்கவால் குரங்கு என்று பாடப் புத்தகத்தில் இருக்கும் அதே விலங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 1962-லிருந்து சரணாலயமாக இருந்த முண்டந்துறையோடு இதைச் சேர்த்து 1988-ல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக்கினார்கள்.

மேலே போனதும் எல்லாரையும் இருபது மீட்டர் இடைவெளியில் தனித்தனியாக உட்கார வைத்தேன். ஒரு மணி நேரம். பேச்சு இல்லை, போன் இல்லை. காதில் விழுவதை எழுத வேண்டும், அவ்வளவுதான். முதல் கால் மணி நேரம் நெளிந்தார்கள். ஒரு பெண் காலில் ஏறிய அட்டையைப் பார்த்துக்கொண்டே அசையாமல் இருந்தாள். அவளிடம்தான் அன்றைய நல்ல குறிப்பு இருந்தது. "9.52. வலப்பக்கம், மேலிருந்து ஏதோ விழுகிறது. மறுபடியும். காற்று இல்லை." அந்தச் சத்தத்தை வைத்துத் தலையைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். வெடிப்பலா மரத்தின் கிளையில் சோலைமந்தி ஒன்று உட்கார்ந்து மொட்டுகளைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூட்டமே இருந்தது. கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். வெடிப்பலாவில் பூவும் காயும் கிளையின் மேலேயே கொத்துக் கொத்தாகப் பிடிக்கும். பூக்கும் காலத்தில் பூ, காய்க்கும் காலத்தில் முள்ளுக் காயை உடைத்து உள்ளிருக்கும் விதை. இந்த மரம் இல்லாத காட்டில் சோலைமந்திக்குப் பிழைப்பு கஷ்டம். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கீழே விழுந்த மொட்டை ஒருவன் எடுத்து, பல் பட்ட இடத்தைப் பக்கத்திலிருந்தவனிடம் காட்டிக்கொண்டிருந்தான். நான் பேசவில்லை.

நாள் 3. ஜனவரி 20, திங்கள். முண்டந்துறை

இந்த நாளைப் பற்றி நிறைய எழுத வேண்டும். கை வலிக்கிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

நேற்று மாலையே பாபநாசம் வழியாக வந்து தங்கிவிட்டோம். தாமிரபரணிக்கும் சேர்வலாற்றுக்கும் நடுவில் மேசை மாதிரி கிடக்கும் நிலம் முண்டந்துறை. எங்களோடு வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒரு காணிக்காரர், இந்த மலையின் பழங்குடி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பிள்ளைகள் அவரை "அண்ணாச்சி" என்றார்கள், அவர் எல்லாரையும் "தம்பி, பாப்பா" என்றார். என்னை டீச்சர்.

ஆறரைக்கு நடக்கத் தொடங்கினோம். இரண்டு கிலோமீட்டர் நேர்கோட்டுப் பாதை. மூன்று மூன்று பேராக, ஒரு அணி போய் அரை மணி நேரம் கழித்து அடுத்தது. விலங்கைப் பார்த்தால் மூன்று விஷயம் எழுத வேண்டும். எத்தனை, எவ்வளவு தூரம், பாதையிலிருந்து எத்தனை டிகிரி. நான் இரண்டாம் அணியோடு போனேன். ஏழு புள்ளிமான். தூரமானியில் 42 மீட்டர், காம்பஸ் கணக்கில் 30 டிகிரி. "அப்படின்னா பாதையிலிருந்து நேர்க்குறுக்கே எவ்வளவு?" என்று கேட்டேன். சைன் 30 என்பது அரை, ஆகவே 21 மீட்டர். பன்னிரண்டாம் வகுப்போடு மறந்துபோன முக்கோணவியல், மான் காதை விடைத்து எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது திரும்பி வந்தது. பாதைக்குப் பக்கத்தில் நிற்பதெல்லாம் கண்ணில் படும், தள்ளிப் போகப் போகத் தப்பிவிடும். எவ்வளவு தள்ளிப் போனால் எவ்வளவு தப்புகிறது என்பதை வைத்துத்தான், பார்க்காமல் விட்டதையும் சேர்த்து அடர்த்தியைக் கணிக்கிறோம். இதை நான் கரும்பலகையில் வருடா வருடம் வரைகிறேன். இன்று என் பிள்ளைகள் கேட்டது வேறு கேள்வி: "மேடம், நாம சத்தம் போட்டு நடந்தா மான் தள்ளிப் போயிடும், கணக்கே தப்பாயிடுமே?" ஆமாம், தப்பாகிவிடும். அதற்கப்புறம் யாரும் சருகை மிதித்து நடக்கவில்லை.

அண்ணாச்சி ஒரு இடத்தில் குத்தவைத்தார். மிளாவின் புழுக்கை. கடமான் என்று நூல்களில் எழுதுவதை எங்கள் பக்கம் மிளா என்போம். நாவற்பழ அளவு, ஒரு முனை குழிந்து மறு முனை கூம்பி. குச்சியால் ஒன்றைப் பிளந்தார். மேலே காய்ந்த கறுப்பு, உள்ளே இன்னும் பச்சை, இலை நார் தெரிந்தது. "மேல பாத்தா பழசுன்னு நெனைப்பீக. நேத்து ராத்திரிதான். வெயில் ஏறலல்லா, அதான் உள்ள காயல." இரண்டடி தள்ளிப் புள்ளிமானுடையது, பாதி அளவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு இனி ஒருவரும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள்.

கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும் இடம். நடுவில் புல்மேட்டில் எச்சம் ஒன்று கிடந்தது. கயிறு முறுக்கிய மாதிரி, நரைத்த நிறம், முழுக்க மயிர். பக்கத்தில் பின்காலால் மண்ணைக் கீறிய தடம். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தோம். கையால் தொடக் கூடாது, மூக்கருகே கொண்டுபோகவும் கூடாது. நாடாப்புழு முட்டைகள் இருக்கும், காய்ந்தாலும் லேசில் சாகாது. குச்சியால் மெதுவாக விலக்கினால் மயிருக்கு நடுவில் கறுப்பாக ஏதோ மின்னியது. சின்னக் குளம்பு. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். இரண்டு பாதியும் சேர்ந்தே இருந்தது. பிறந்து சில வாரங்களே ஆன குட்டியாக இருக்கும்.

அந்தக் குளம்பை நான் என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். புல், மான், புலி என்று அம்புக்குறி போட்டு எத்தனை ஆயிரம் தடவை வரைந்திருப்பேன். அந்த அம்புக்குறி இதுதான், கூர் தேயாத ஒரு குளம்பு.

"மேடம், புலியா சிறுத்தையா?" என்றார்கள். அளவைப் பார்த்து "சிறுத்தை" என்றேன். அண்ணாச்சி தலையை ஆட்டினார். "அளவ மட்டும் வச்சுச் சொல்லாதீங்க டீச்சர். பெரிய கடுவன் சிறுத்தயும் பொட்டப் புலியும் ஒண்ணு போலத்தான் போடும். தடம் இருந்தாச் சொல்லலாம். இங்க தரை கெட்டி, தடம் விழல." அவர் சொன்னது சரி. ஆய்வுக்கூடத்தில் மரபணு பார்த்தால் உறுதியாகச் சொல்லலாம், இங்கே முடியாது. குறிப்பேட்டில் நான் சொன்னதை எழுதிவிட்டவர்களிடம் அதைக் கோடு போட்டு அடிக்கச் சொல்லிவிட்டு, "பெரிய பூனை. இனம் தெரியவில்லை" என்று எழுதச் சொன்னேன். தெரியவில்லை என்று எழுத ஒருவனுக்கு மனமே வரவில்லை. மார்க் போய்விடும் என்று பழகிய கை.

எச்சத்தை எடுத்து வர எங்களுக்கு அனுமதி இல்லை. அளந்து, படம் எடுத்துவிட்டு அப்படியே விட்டோம். மயிரைக் கழுவிக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், நடுத்தண்டின் அமைப்பை வைத்து மிளாவா, மானா, குரங்கா என்று சொல்லிவிடலாம். அதற்கு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த விலங்குகளின் மயிர்த் தொகுப்பு வேண்டும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அப்படி ஒன்று கிடையாது. ஊருக்குப் போனதும் வனத்துறைக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

மாலையில் ஆற்றோரம் நீர்மத்தி மரத்தடியில் உட்கார்ந்து தரவைக் கூட்டினோம். மூன்று அணிக்கும் மூன்று விதமான எண்ணிக்கை. ஒரே பாதை, ஒரே காலை. ஏன் என்று இருட்டும்வரை விவாதம் நடந்தது. நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். என் வகுப்பில் இப்படிச் சண்டை நடந்ததே இல்லை.

நாள் 4. ஜனவரி 21, செவ்வாய். சிவகாசி, செண்பகத்தோப்பு

சிவகாசி வழியாகத்தான் போனோம். ஜான்சிங் பாடம் நடத்திய கல்லூரியை வேனிலிருந்தே காட்டினேன். நிலையான வேலை, மாதச் சம்பளம், வீட்டில் நிம்மதி. இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் செந்நாயைத் தேடிப் போயிருக்கிறார். அது எழுபதுகளில். அந்த நாளில் செந்நாய்க்கு ஊரில் நல்ல பெயர் கிடையாது. மானைக் கொன்று தீர்க்கும் பீடை என்று, வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அதன் தலைக்கு வெகுமதி கொடுத்துக் கொல்ல வைத்திருந்தார்கள். 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் காப்பு. அப்படிப்பட்ட விலங்கைப் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்ல எவ்வளவு உறுதி வேண்டும்!

பிற்பகல் ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே செண்பகத்தோப்பு. 1988-ல் நரை அணிலுக்காக அறிவிக்கப்பட்ட சரணாலயம், 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதி. இந்த அணிலின் வாழிடத்தை மனிதத் தொந்தரவு எப்படிக் குலைக்கிறது என்று ஜான்சிங் இன்னோர் ஆய்வாளரோடு சேர்ந்து 1994-ல் எழுதிய கட்டுரையை வேனில் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தோம். வாசித்ததைக் கண்ணால் பார்க்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அணில் தன் கூட்டைத் தனி மரத்தில் கட்டுவதில்லை. பக்கத்து மரத்தின் கிளை வந்து உரசும் இடமாகப் பார்த்துக் கட்டுகிறது. கழுகு மேலே வந்தால் தரை இறங்காமல் கிளை வழியாகவே அடுத்த மரம் போக வேண்டும். நடுவில் ஒரு புளியமரத்தை வெட்டினால் போதும், பாலம் அறுந்த மாதிரிதான்.

மாமரக் கிளையில் ஒன்று வயிறு ஒட்டப் படுத்திருந்தது. பூனை நீளம், உடம்பெல்லாம் சாம்பல் தூவிய நிறம், வால் மட்டும் தனி உயிர் மாதிரி கீழே தொங்கி அசைந்தது. ஒரு மாணவி அதைப் பார்த்துக்கொண்டே கூடு இருந்த மரங்களின் கிளைகள் எத்தனை பக்கம் தொடுகின்றன என்று அட்டவணை போட ஆரம்பித்தாள். நான் சொல்லவில்லை. அவளுடைய திட்டக் கட்டுரைக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நாள் 5. ஜனவரி 22, புதன். வழி

மதுரை, கோவை, மேட்டுப்பாளையம், ஊட்டி, கூடலூர். நீலகிரிக்கு இ-பாஸ் எடுத்து வைத்திருந்ததால் சோதனைச் சாவடியில் தாமதமில்லை. பாதிப் பேர் தூங்கினார்கள்.

வழியில் எங்கள் நிர்வாகத்திலிருந்து போன். ஒரு வாரம் பாடம் போகிறதே, இதனால் பிள்ளைகளுக்கு என்ன பயன் என்று கேட்டார்கள். களப்பணிக்கு எங்கள் கல்லூரியில் வருடத்துக்கு இரண்டு நாள்தான், அதிலும் ஒரு நாள் உயிரியல் பூங்கா. பதில் சொல்லிவிட்டு வைத்தேன். மனசு சரியில்லை.

முன் சீட்டில் இருந்தவன் அதைக் கேட்டிருக்க வேண்டும். "மேடம், ஜான்சிங் பாடம் நடத்தினதைத் தவிர காட்டுக்கு என்ன செஞ்சார்?" என்று பேச்சை மாற்றினான். நல்ல கேள்வி. அவர் விடாமல் பேசி, எழுதிய ஒன்றைச் சொன்னேன். உத்தராகண்டில் ராஜாஜி காட்டைக் கங்கை இரண்டாகப் பிரிக்கிறது. ஹரித்துவாருக்கும் ரிஷிகேசுக்கும் நடுவில் சீலா–மோதிசூர் என்ற குறுகிய வழி. யானையும் புலியும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போக அதுதான் பாதை. அதில் நெடுஞ்சாலை, ரயில், மின்நிலையக் கால்வாய், ராணுவக் கிடங்கு, ஒரு கிராமம் எல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டன. மேற்குக் கரையில் புலி கிட்டத்தட்ட அற்றுப்போய், கடைசியில் பெண்புலிகள் மட்டும் மிஞ்சின. அந்த வழியைத் திறக்க வேண்டும் என்று பல வருடம் சொல்லிக்கொண்டே இருந்தவர்களில் முன்னால் நின்றவர் ஜான்சிங். கிராமத்தை வேறிடத்தில் குடியமர்த்தினார்கள், சாலையை மேம்பாலமாக்கினார்கள். 2020 டிசம்பரில் தொடங்கி, கார்பெட் புலிகள் காப்பகத்திலிருந்து புலிகளைக் கொண்டுவந்து மேற்கே விட்டார்கள்.

"அதுக்கு எத்தனை வருஷம் ஆச்சு மேடம்?" என்றான். ஒரு ஆசிரியரின் பணிக்காலம் என்றேன்.

நாள் 6. ஜனவரி 23, வியாழன். முதுமலை

அதிகாலைக் குளிர் எலும்பைத் தொட்டது. தெப்பக்காடு முகாமில் வளர்ப்பு யானைகளுக்கு ராகிக் களியும் கொள்ளும் உருட்டிக் கொடுப்பதைப் பார்த்தோம். சுற்றுலாப் பேருந்துகளின் நெரிசலில் அதிக நேரம் நிற்கப் பிடிக்கவில்லை.

முதுமலை 1940-லேயே சரணாலயம். மாயாற்றுக்கு இந்தப் பக்கம் முதுமலை, அந்தப் பக்கம் பந்திப்பூர். செந்நாய்க்கு அந்தக் கோடெல்லாம் தெரியாது, ஒரே காடுதான். வனத்துறை வண்டியில் போகும்போது பிள்ளைகள் மானைத் தேடினார்கள், நான் செடியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பாதைக்கு இருபுறமும் உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு. ஆரஞ்சும் ஊதாவுமாகப் பூத்து அழகாகத்தான் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் தோட்டத்து அழகுக்காகக் கொண்டுவந்தது. அதன் அடியில் புல் முளைக்காது. புல் இல்லாவிட்டால் மான் இல்லை, மான் இல்லாவிட்டால் செந்நாய் எதைத் தின்னும்? காய்ந்தால் அதுவே தீக்கு விறகு. செந்நாயைக் காப்பது என்றால் அரிவாளோடு உண்ணிச்செடியின் வேரில் தொடங்க வேண்டும்.

இன்று செந்நாய் தென்படவில்லை. இரவு அறையில் அதன் மண்டையோட்டுப் படத்தை வைத்துப் பல் எண்ணினோம். நாய்க் குடும்பத்தில் பெரும்பாலானவற்றுக்கு 42 பல், செந்நாய்க்கு 40. கீழ்த்தாடையில் கடைசிக் கடைவாய்ப்பல் ஒரு ஜோடி கிடையாது. காய்கனி அரைப்பதை விட்டு, இறைச்சி வெட்டுவதற்கென்றே அமைந்த வாய். பெண்ணுக்குப் பால் காம்பு 12 முதல் 16 வரை இருக்கும். அத்தனை குட்டிகளையும் தாய் தனியாக வளர்க்க முடியாது. கூட்டத்தில் உள்ள மற்றவையும் வேட்டையாடித் தின்றுவிட்டுக் குகைக்குத் திரும்பி, வயிற்றிலிருந்து கக்கிக் குட்டிகளுக்கும் தாய்க்கும் ஊட்டுகின்றன. ஜனவரி அதற்கான மாதம்.

கழுத்தில் ரேடியோ பட்டை எதுவும் கட்டாமல், கால்நடையாகப் போய் இந்தக் கூட்டு வாழ்க்கையைப் பதிவு செய்திருக்கிறார் ஜான்சிங். நிறைய நேரம் செந்நாய் அவர் கண்ணுக்குப் புலப்பட்டிருக்கப் போவதில்லை. காது, மூக்கு, காக்கை, கழுகு, மானின் அபாயக் குரல், இவற்றை வைத்துத்தான் இப்படி ஒரு வேலையைச் செய்ய முடியும்.

நாள் 7. ஜனவரி 24, வெள்ளி. பந்திப்பூர்

இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை காட்டுச் சாலையில் போக்குவரத்துக்குத் தடை. ஆகவே நேற்று சாயங்காலமே கர்நாடகப் பக்கம் வந்து தங்கிவிட்டோம். காலை முதல் வண்டியில் இடம். எங்களோடு வேறு இரண்டு குடும்பங்கள்.

முதல் நாற்பது நிமிடம் மயில், காட்டெருமை, மறுபடியும் மயில். 7.20-க்குப் புள்ளிமான் குரல் கொடுத்தது. ஒருமுறை அல்ல, விட்டுவிட்டு. "வலது பக்கம்" என்று எங்கள் பையன் ஓட்டுநரிடம் கிசுகிசுத்தான். வண்டி நின்றது. குழந்தை ஒன்று கேள்வி கேட்கத் தொடங்க, அட்டை கடித்தும் அசையாமல் இருந்த அதே பெண் உதட்டில் விரலை வைத்துக் காட்டி, தன் பைனாகுலரை அந்தக் குழந்தையிடம் கொடுத்துவிட்டாள்.

புதருக்குப் பின்னாலிருந்து ஒன்று வந்தது. செங்கல் பொடி நிறம். கறுத்த, புசுபுசுவென்ற வால். எங்களைப் பார்த்தது, பொருட்படுத்தவில்லை. பின்னால் இரண்டு, அப்புறம் இன்னும் இரண்டு. முன்னால் வந்ததன் மூக்கிலும் மார்பிலும் ஈர ரத்தம், வயிறு தொங்கிக் கனத்திருந்தது. பாதையைக் குறுக்கே கடந்து, அவசரமில்லாத ஓட்டத்தில், ஐந்தும் ஒரே திசையில் மேட்டுப் பக்கம் போய் மறைந்தன. வேட்டை முடிந்து திரும்பும் ஓட்டம். குட்டிகளிடம்தான் போகின்றன என்று என் மனசு சொன்னது. ஆனால் குகையை நான் பார்க்கவில்லை, ஆகையால் அதை யாரிடமும் சொல்லவில்லை.

எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம் இருக்குமா? என் கண் நிறைந்துவிட்டது. நாங்குநேரியிலிருந்து கிளம்பி இத்தனை தூரம் வந்தது இந்த ஒரு நிமிடத்துக்கு என்றால், இன்னொரு முறையும் வருவேன்.

வண்டி நகர்ந்ததும் குறிப்பேடுகள் திறந்தன. அங்கேயே தகராறு ஆரம்பித்தது. நான்கு பேர் ஐந்து என்றார்கள். மூன்று பேர், புதருக்குள்ளேயே ஆறாவது ஒன்று நின்றது, வால் அசைந்தது என்றார்கள். ஒருவனுக்கு விசில் சத்தமும் கேட்டதாம். செந்நாய்கள் ஒன்றையொன்று கூப்பிட விசிலடிக்கும் என்று நேற்று இரவு நான்தான் சொல்லியிருந்தேன். அதனால் கேட்டதா, கேட்டதால் எழுதினானா என்று அவனிடமே கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தான். பிறகு ரப்பரை எடுத்தான்.

முண்டந்துறையில் "தெரியவில்லை" என்று எழுத மறுத்தவன்தான் இன்றைக்கு அணிக் குறிப்பை எழுதினான். அவன் எழுதியபடியே இங்கே போடட்டுமா என்று கேட்டேன், சரி என்றான்.

"24.1.2025. காலை 7.24. பந்திப்பூர், வண்டிப் பாதை. செந்நாய். குறைந்தது ஐந்து. ஒன்றின் வாயிலும் மார்பிலும் ரத்தம். கிழக்கே போயின. வால் ஒன்று புதருக்குள் அசைந்ததாக மூவர் சொல்கிறார்கள், உறுதியில்லை. கொன்ற விலங்கைப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள்: பத்துப் பேரும், ஒரு குழந்தையும்."